கறுப்பு நோட்டில் மூழ்கிய கேப்டன்

என் கோப்பில் ஒரு கடிதத்தின் நகல் இருக்கிறது. 1977 ஜூன் 10 என்று தேதியிட்டது. எங்கள் கல்லூரிக்கு ஜூன் 14, செவ்வாய்க்கிழமை முற்பகல் தபாலில் வந்தது. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு முதல்வருக்கு எழுதியது. முதல்வர் அதன் ஓரத்தில் சிவப்பு மையால் 'ஆங்கிலத் துறை, உடனே' என்று எழுதி, தன் பொறுப்பை அத்துடன் முடித்துக்கொண்டார்.

கடிதத்தின் சாரம் இது. பி.யூ.சி. என்னும் புகுமுக வகுப்பின் ஆங்கிலத் தாளில், துணைப்பாட நாவல் எப்படி முடிகிறது என்று ஒரு கட்டுரைக் கேள்வி. எங்கள் கல்லூரி மாணவர்கள், ஒரே ஒருவரைத் தவிர, எல்லோரும் நாவலில் இல்லாத ஒரு முடிவை ஏறக்குறைய ஒரே வாக்கியங்களில் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒருவர் மட்டும் சரியாக எழுதியிருப்பதிலிருந்து, கல்லூரியில் பாடம் சரியாகத்தான் நடத்தப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது. ஆகவே மற்றவர்கள் தேர்வுக் கூடத்தில் காப்பியடித்தார்கள் என்று கருத வேண்டியிருக்கிறது. கல்லூரியின் புகுமுக வகுப்பு முடிவுகள் அனைத்தும் நிறுத்திவைக்கப்படுகின்றன. துறையினர் ஜூன் 22 அன்று திருச்சியில் விசாரணைக் குழுவின் முன் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

ஆங்கிலத் துறைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு. அந்தக் கடிதத்தில் நடந்ததெல்லாம் சரியாக எழுதப்பட்டிருந்தது. அதிலிருந்து எடுத்த முடிவு மட்டும் முழுத் தவறு. பாடம் சரியாக நடத்தப்படவில்லை. நடத்தியவன் நான்.

கல்லூரியின் பெயர் வேண்டாம். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் இடையில் சாலையோரம் இருந்த சிறிய தனியார் கல்லூரி அது, பிறகு மூடப்பட்டுவிட்டது. ஆங்கிலத் துறையில் மூன்று பேர். துறைத் தலைவர், நான், டியூட்டராக இருந்த ஞானசேகரன். மூன்று பேருக்கு இரண்டு மேசை. ஆனாலும் மரபுகளுக்குக் குறைவில்லை. துறை அறைக்குள் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்பது முதல் மரபு. அடுத்த அறைத் தமிழ்த் துறையில் மனம்விட்டுச் சிரிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். எங்கள் அறையிலிருந்து அப்படி ஒரு சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்க நியாயமில்லை.

இரண்டாவது மரபுதான் இந்தக் கதைக்கு வேண்டியது. துறையில் ஒரு கறுப்பு நோட்டு இருந்தது. கறுப்புக் காலிகோ துணி அட்டை போட்ட, தலையணை கனமுள்ள நோட்டு. புகுமுக வகுப்பின் எல்லாப் பாடங்களுக்கும் கேள்வி, பதில், கட்டுரை எல்லாம் அதில் இருக்கும். கல்லூரி தொடங்கியபோது இருந்த, எங்களில் யாரும் பார்த்திராத ஒரு துறைத் தலைவர் தன் பழைய கல்லூரி நோட்டிலிருந்து நகல் எடுத்தது என்பார்கள். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் முதல் அரையாண்டு விடுமுறையில் அதைத் தன் கையால் முழுக்க நகல் எடுக்க வேண்டும். பிறகு துறைத் தலைவர் முன்னால் உட்கார்ந்து, ஒருவர் மூல நோட்டை வாசிக்க மற்றவர் நகலைப் பார்க்க, ஒரு சொல் விடாமல் ஒப்பிட வேண்டும். கடைசிப் பக்கத்தில் 'நகல் எடுக்கப்பட்டது, ஒப்புநோக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். அது முடிந்தால்தான் அவரைத் துறையின் ஆள் என்று கொள்வார்கள்.

நான் 1971 ஜூலையில் சேர்ந்தேன். என் நகலில் உள்ள தேதி 1971 டிசம்பர் 29. ஒப்புநோக்கும்போது மூல நோட்டில் விடுபட்டிருந்த ஒரு காற்புள்ளியை நான் கண்டுபிடித்தேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "யூ ஹாவ் அன் ஐ" என்றார், கூர்மையான கண் என்ற பொருளில். அந்தப் பாராட்டை நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். எழுதியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

அத்தனை கவனமாக நோட்டை நோட்டோடு ஒப்பிட்டோம். யாரும் ஒருமுறைகூட நோட்டைப் புத்தகத்தோடு ஒப்பிடவில்லை. என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். துணைப்பாடமாக வைக்கப்பட்டிருந்தது ஓர் ஆங்கில நாவலின் மாணவர் சுருக்கப் பதிப்பு. நூறு பக்கம் வரும். நான் பெரிய நாவல்களைப் பெரிய அளவிலேயே படித்தவன், படித்த தேதியைப் புத்தகத்தின் கடைசித் தாளில் குறிப்பவன். மாணவர்களுக்காகச் சுருக்கிய புத்தகத்தைப் படிப்பது எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது. வகுப்புக்கு நோட்டை எடுத்துப் போவேன். புத்தகம் மாணவர்களின் விஷயம்.

நாவல் ஒரு வயதான கப்பல் கேப்டனைப் பற்றியது. கடைசிப் பயணத்தில் புயல், கப்பல் மூழ்குகிறது. எங்கள் நோட்டின்படி கேப்டன் எல்லோரையும் படகுகளில் ஏற்றிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கப்பலோடு தானும் மூழ்குகிறார். அந்தக் கட்டுரை நன்றாக இருக்கும். சொல்லும்போது என் குரலே கொஞ்சம் இறங்கும்.

1977 ஜனவரி 20, வியாழக்கிழமை. பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். அந்தக் கட்டுரையைச் சொல்லிக்கொண்டிருந்தேன், வகுப்பு எழுதிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் எழுதாமல் இருந்தாள். மலர்க்கொடி. குரும்பலூர்ப் பெண். அப்பா பெரியசாமி கரும்பு வெட்டும் வேலைக்குப் போகிறவர்; அவர்கள் குடும்பத்தில் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் இவள்தான்.

"ஏம்மா எழுதலை?"

எழுந்து நின்றாள். "சார், கேப்டன் சாவலைங்க சார்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நாட்குறிப்பில் இருக்கிறது.

"பின்ன என்ன பண்றாராம்?"

"கரையேறிடுறாருங்க. தங்கச்சி வூட்டுக்குப் போயி கோழி வளக்குறாரு. லைப்ரரி புஸ்தகத்துல அப்படித்தாங்க இருக்கு."

கோழி என்றதும் பின்வரிசையில் ஒருவன் கூவினான். அவனை அடக்க வேண்டியிருந்தது. புத்தகத்தைக் கொண்டு வா, பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். மணியடிக்கப் பத்து நிமிடம் இருந்தது, கட்டுரை ஒரு பக்கம் பாக்கி. இவளுக்கு ஆங்கிலம் சரியாகப் புரிந்திருக்காது என்று என் மனம் முடிவு செய்துவிட்டது. குரும்பலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண் புரியாமல் சொல்கிறாள் என்று எண்ணுவது எனக்குச் சுலபமாக இருந்தது. காற்புள்ளியைக் கண்டுபிடித்த நான் தவறுவேன் என்று எண்ணுவது சுலபமாக இல்லை.

"நீ படிச்சது சரியா இருக்கலாம்மா. பரீட்சைக்கு நோட்ஸ்ல இருக்கறதை எழுது. மார்க் அதுக்குத்தான்."

"சரிங்க சார்" என்று உட்கார்ந்தாள். எழுதத் தொடங்கினாள்.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்தத் தவறு ஏன் பிடிபடவில்லை என்று கேட்பீர்கள். நான் பழைய வினாத்தாள்களைத் தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்தவற்றில் புயலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், கேப்டனின் குணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். முடிவைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை. 1977 ஏப்ரலில் கேட்டுவிட்டார்கள்.

கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை துறை அறையில் மூவரும் தமிழில் பேசினோம். எனக்குத் தெரிந்து அந்த அறையில் அது முதல் முறை.

"கைடுன்னு சொல்லிடலாம்" என்றார் தலைவர். "கடையில ஏதோ மலிவு கைடு வித்திருக்கான், பசங்க வாங்கி மனப்பாடம் பண்ணிட்டானுங்க. நமக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

"எந்த கைடுன்னு கேட்டா சார்?" என்றான் ஞானசேகரன்.

"தீந்துபோச்சுன்னு சொல்லுவோம்."

"ஒரு வகுப்பு முழுக்க வாங்கின கைடு ஒண்ணுகூடவா மிச்சமில்லைன்னு கேப்பாங்க சார்."

"நீ யார் பக்கம்யா?"

தலைவரை நீங்கள் தவறாக எண்ணக் கூடாது. நல்ல ஆசிரியர். அவர் இலக்கணம் நடத்தினால் ஜன்னலுக்கு வெளியே வேறு வகுப்பு மாணவர்கள் நிற்பார்கள். முதல்வர் அந்த ஜூலையில் ஓய்வு பெறவிருந்தார். அடுத்து இவர்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இவரும் நம்பியிருந்தார். அந்த நேரத்தில் இப்படி ஒரு கடிதம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் நிழல் தெரிந்தது. மலர்க்கொடி, பின்னால் அவள் அப்பா. துண்டைக் கையில் எடுத்து வைத்திருந்தார். ரிசல்ட் பேப்பரில் இந்தக் கல்லூரி எண்களே இல்லை, ஏன் என்று கேட்க வந்திருந்தார்கள்.

"கொஞ்சம் தாமதமாகும்" என்றார் தலைவர். "வந்துடும்."

"எத்தினி நாள் ஆவுங்கய்யா?" என்றார் பெரியசாமி. "புள்ளைக்கு நர்ஸ் படிப்புக்கு எடம் குடுத்திருக்காங்க. முப்பதாந்தேதிக்குள்ள மார்க் சீட்டக் காட்டணுமாம். இல்லாட்டி அடுத்து நிக்கிற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். காயிதத்துல போட்டிருக்கு."

மலர்க்கொடி அந்தக் கடிதத்தை நீட்டினாள். நான் வாங்கிப் படித்தேன். ஜூன் 30 என்றுதான் இருந்தது.

"ஏன் தாமதம் சார்?" என்று அவள் கேட்டாள். தலைவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஞானசேகரன்தான் சொன்னான்: "கேப்டன் கேள்வியில எல்லாரும் ஒண்ணுபோல எழுதியிருக்கீங்களாம்மா. காப்பியான்னு கேக்குறாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். ஜனவரி மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாதான் பேசினார்.

"எம்புள்ள காப்பியடிக்காதுங்கய்யா. எங்க வூட்டுல அதுக்குக் காப்பியடிக்கச் சொல்லிக் குடுக்கக்கூட ஆளு இல்ல."

அவர்கள் பஸ்ஸுக்குப் போன பிறகும் தலைவர் கைடு பற்றியே பேசினார். நான் இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. புதன்கிழமைக்கான நாட்குறிப்பில் வெயில் அதிகம் என்று மட்டும் இருக்கிறது. வியாழக்கிழமை, ஜூன் 16, பிற்பகல் நூலகத்துக்குப் போய் அந்தச் சுருக்கப் பதிப்பைக் கேட்டு வாங்கினேன். நூலகர் பதிவேட்டில் என் பெயரை எழுதும்போது, "துறையிலேர்ந்து இதை யாரும் எடுத்ததில்லையே சார்" என்றார். பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பெயர் பலமுறை இருந்தது. குரும்பலூர் மலர்க்கொடி, எடுத்ததும் புதுப்பித்ததுமாக.

கடைசி அத்தியாயத்துக்குப் பதினைந்து நிமிடம் பிடித்தது. கேப்டன் கரையேறுகிறார். தங்கை வீட்டுக்குப் போகிறார். கோழிகள் இருக்கின்றன, ஒரு பத்திக்கும் மேல்.

அதே மாலை தலைவரின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நாம் கைடு என்று சொன்னால் அதைக் காட்ட முடியாது. காட்ட முடியாவிட்டால் குற்றம் பிள்ளைகள் மேல்தான் நிற்கும். கறுப்பு நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் விஷயம் தீரும். அவர்கள் எழுதிய வாக்கியங்கள் அப்படியே அதில் இருக்கின்றன. காப்பியடித்தவர்கள் நாம்தான் என்று தெரிந்துபோகும்.

அவர் தமிழிலேயே சொன்னார்: "மூல நோட்டு வேண்டாம்யா. அது துறையோட மானம். உன் காப்பியைக் கொண்டு போ. கடைசிப் பக்கத்தை மட்டும் கிழிச்சிடு."

என் நகலின் கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்து இருந்தது.

"அந்தப் பக்கம் இல்லாட்டி, நேத்து எழுதிக் கொண்டாந்ததுன்னு சொல்லிடுவாங்க சார். தேதிதான் சாட்சி."

"உன் கையெழுத்து வேற தாள்ல போட்டுக்கோ. பழைய தேதி போடு."

இந்த இடத்தில் உங்களில் சிலர் நான் வீரமாக ஏதோ சொன்னேன் என்று எதிர்பார்க்கலாம். நான் "பாக்கிறேங்க சார்" என்றுதான் சொன்னேன். ஐந்து நாள் யோசித்தேன். தலைவர் எனக்கு வேலை தந்தவர். ஒரு பக்கத்தைக் கிழிப்பது பெரிய விஷயமில்லை. பழைய தேதி போடுவதுதான் என்னால் முடியவில்லை. அதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. சிலருக்கு வெற்றிலை இல்லாமல் முடியாது. எனக்குத் தவறான தேதி எழுத முடியாது. அவ்வளவுதான் என்றும் இருக்கலாம். ஆனால் அந்த ஐந்து நாளும் ஜூன் 30 என்ற தேதியும் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

புதன்கிழமை காலை அரியலூரிலிருந்து திருச்சி பஸ் ஏறினோம், தலைவரும் நானும். நோட்டு என் மடியில், செய்தித்தாள் சுற்றி. கீழப்பழுவூரில் பஸ் நின்றபோது யாரோ இரண்டு கூடைகளை ஏற்றத் தகராறு செய்துகொண்டிருந்தார்கள்.

"பக்கம் இருக்கா?" என்றார்.

"இருக்குங்க சார்."

கண்டக்டர் கூடைக்காரரோடு பேசி முடித்து விசில் கொடுத்தார். லால்குடியில் தலைவர், "அப்போ என்னையும்தான் கேப்பாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நான் வேண்டுமென்றே கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆகவே அது எத்தனை மணிக்கு என்று என்னிடம் குறிப்பு இல்லை.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்த தலைமைத் தேர்வாளர் என் நோட்டைப் புரட்டினார். ஒரு விடைத்தாளைப் பக்கத்தில் வைத்து விரலால் வரிவரியாகப் பார்த்தார். எங்கள் பிள்ளைகளைப் பாராட்ட வேண்டும், காற்புள்ளிகூட விடவில்லை.

"இதை நீங்க எப்போ எழுதினீங்க?"

"எழுபத்தொண்ணு டிசம்பர் சார். கடைசிப் பக்கத்துல தேதி இருக்கு."

"நீங்க அந்த நாவலைப் படிச்சிருக்கீங்களா?"

"படிச்சேன் சார்."

"எப்போ?"

"போன வியாழக்கிழமை."

அவர் பேனாவை வைத்தார். "ஒருத்தர் மட்டும் சரியா எழுதியிருக்காரே. நீங்க சரியா நடத்தாமலா?"

"அந்த ஒருத்தர் சரியா எழுதினதுக்கு நாங்க பொறுப்பில்லீங்க சார்."

பக்கத்தில் இருந்தவர் இருமினார். சிரிப்பை மறைக்க இருமினார் என்று நினைக்கிறேன். தலைமைத் தேர்வாளர் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"ஒப்புநோக்கினது யாரு?"

நான் வாயைத் திறக்கும் முன் எங்கள் தலைவர் எழுந்தார். "நான்தான்."

"எதோட ஒப்பிட்டீங்க?"

"முந்தின நோட்டோட."

"அது எதோட?"

"அதுக்கு முந்தினதோட."

"புத்தகத்தோட?"

"அது வழக்கமில்லை" என்றார் எங்கள் தலைவர். நிமிர்ந்து நின்று சொன்னார். அந்த வாக்கியத்தை அவர் ஒரு குற்றமாகவும் சொல்லவில்லை, சாக்காகவும் சொல்லவில்லை. துறையின் மரபு என்ன என்று கேட்டார்கள், சொன்னார்.

எங்களை வெளியே நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பேசினார்கள். பிறகு கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். காப்பியடித்த குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. அந்தக் கேள்விக்கான தவறான விடைகளுக்கு மதிப்பெண் கிடையாது, தவறு தவறுதான். துறையின் மேல் நடவடிக்கை பற்றிக் கல்லூரிக்குத் தனியே எழுதப்படும். வெளியே வரும்போது இருமியவர் வராந்தாவில் என் பக்கத்தில் வந்து, மெதுவான குரலில், "மத்தப் பாடத்துக்கும் நோட்ஸ் முழுசா இருக்கா? ஒரு வாரம் குடுங்களேன், எங்க துறையில காப்பி எடுத்துட்டுத் திருப்பி அனுப்பிடறேன்" என்றார். நான் நோட்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டேன்.

அந்த ஒரு கேள்வியில் சுழியம் வாங்கியும் ஆங்கிலத்தில் தேற வேண்டும். சிலர் தேறவில்லை. அவர்கள் செப்டம்பரில் மறுபடி எழுதினார்கள். அவர்களில் ஒருவர்கூட என்னிடம் வந்து சண்டை போடவில்லை. அது எனக்கு இன்றுவரை சரியாகப் படவில்லை. மலர்க்கொடி தேறினாள். மதிப்பெண் பட்டியல் ஜூன் 29, புதன்கிழமை பிற்பகல் கல்லூரிக்கு வந்தது. ஞானசேகரன் அதை வாங்கிக்கொண்டு தானே குரும்பலூருக்குப் பஸ் ஏறினான். மறுநாள் அவள் சீட்டைக் காட்டிச் சேர்ந்துவிட்டாள்.

ஜூலையில் முதல்வர் பதவி இயற்பியல் துறைத் தலைவருக்குப் போனது. எங்கள் தலைவர் என்னைத் திட்டவில்லை. அதுவரை வராந்தாவில், டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில் என்னோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தவர், அதன் பிறகு எங்கே பார்த்தாலும் ஆங்கிலத்தில் மட்டும் பேசினார். 1979 மே மாதம் ஓய்வு பெற்ற அன்று மாலையைக் கழற்றிக்கொண்டே சொன்ன கடைசி வாக்கியமும் ஆங்கிலம்தான். "கீப் த புக்" என்றார். எந்தப் புத்தகத்தைச் சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். திருச்சியிலிருந்து வந்த வாரமே நான் கறுப்பு நோட்டிலும் அதன் நகல்களிலும் அந்தக் கட்டுரையை அடித்துவிட்டு, கேப்டனைக் கரையேற்றி, கோழிகளோடு புதிதாக எழுதினேன். புத்தகத்தோடு ஒப்பிட்டேன். தேதி போட்டேன். அந்த ஆண்டு பாடத்திட்டத்தில் நாவலை மாற்றிவிட்டார்கள். திருத்திய கட்டுரையை நான் எந்த வகுப்புக்கும் சொல்லவில்லை.

அதன் பிறகு வகுப்பில் யாராவது எழுதாமல் உட்கார்ந்திருந்தால், நான் சொல்வதை நிறுத்திவிட்டு ஏன் என்று கேட்டேன். பெரும்பாலும் பேனாவில் மை தீர்ந்திருக்கும். கேட்பதை விடவில்லை.

1986 நவம்பரில் எனக்கு விஷக் காய்ச்சல். பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் காலை ஊசி போட வந்த நர்ஸ் தட்டை வைத்துவிட்டு என் படுக்கை அட்டையைப் பார்த்தார்.

"சார், நீங்களா. திரும்பிப் படுங்க சார்."

குரலை வைத்து மலர்க்கொடி என்று அடையாளம் கண்டேன். முகத்தைப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். எறையூர் சர்க்கரை ஆலையில் கரும்பு இறக்கும் யார்டு வேலையில் இருப்பதாகச் சொன்னார். அதற்குமேல் காத்திருக்க முடியவில்லை. ஒன்பது ஆண்டுகளாக எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த ஒரே ஒரு சரியான விடைத்தாள் மலர்க்கொடியுடையது என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். நான் தடுத்தும் ஒரு மாணவி உண்மையை எழுதினாள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

"அந்தக் கேப்டன் கேள்விக்கு நீ சரியானதைத்தானே எழுதினே?"

"இல்லீங்க சார். சாவடிச்சிட்டேன்."

"புத்தகத்தைப் படிச்சிருந்தியே. தெரிஞ்சும் ஏன்?"

"கேட்டேனே சார். நீங்கதான் நோட்ஸ்ல இருக்கறதை எழுதச் சொன்னீங்க." பஞ்சை எடுத்துத் தேய்த்தார். "இங்கயும் அப்படித்தான். டாக்டர் சீட்டுல தப்பா இருக்காப்ல தெரிஞ்சா கேப்பேன். ஒருவாட்டி இல்ல, ரெண்டுவாட்டி கேப்பேன். அதுக்கு மேல அவரு சொல்றதுதான். உங்ககிட்ட ஒருவாட்டிதான் கேட்டேன். அப்போ நான் சின்னப் புள்ளைங்க."

"அப்போ அந்த ஒரு பேப்பர் யாருது?"

"கலியமூர்த்தியா இருக்கும் சார். வகுப்புக்கே வர மாட்டானே, கோழி மாதிரி கூவுனானே, அவந்தான். அந்தப் பாடத்துக்கு வந்தது அன்னிக்கு ஒருநாள்தான். நான் சொன்னதை மட்டும் கேட்டுட்டுப் போயிருப்பான், உங்க நோட்ஸ எழுதியிருக்க மாட்டான்." தட்டை எடுத்துக்கொண்டார். "சாயங்காலம் ஒரு ஊசி இருக்குங்க. சீட்டப் பாத்துட்டு வரேன்."

வீடு திரும்பியதும் 1977 வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி 20 அன்று கலியமூர்த்தி பெயருக்கு நேரே வரவில்லை என்று என் கையெழுத்தில் இருக்கிறது. பதிவெடுத்த பிறகு பின்வாசல் வழியாக வந்து உட்காரும் வழக்கம் அவனுக்கு உண்டு. அன்று கூவியவன் யார் என்று என் நாட்குறிப்பில் இல்லை. விடைத்தாள்களில் பதிவெண்ணை நீக்கி வேறு எண் போட்டுத்தான் திருத்துவார்கள். அந்த எண் யாருடையது என்று கேட்டு 1987 பிப்ரவரியில் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். பழைய விடைத்தாள்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது. கலியமூர்த்தி அரபு நாடு ஒன்றுக்கு வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள், முகவரி கிடைக்கவில்லை. அந்த ஆண்டு எங்கள் வகுப்பில் கேப்டனைக் கரையேற்றியவர் யார் என்பது இதுவரை உறுதிப்படவில்லை.